கலைக்கும் பள்ளி நேரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழா பற்றிய செய்திகளை விடாமல் படிப்பவன் நான். பரிசு வாங்கிய பிள்ளைகளின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், விழா முடிந்தபின் இவர்களுக்கு யார் தொடர்ந்து சொல்லிக்கொடுப்பார்கள் என்ற கவலை வரும். மகள் வீட்டுக்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் போயிருந்தபோது பேத்தியின் பள்ளியைப் பார்த்தேன். அதுபற்றி எழுதியே ஆக வேண்டும்.

ஊர் பெயர் மிட்லண்ட். ஒஹாயோ ஆற்றங்கரையில் 2,500 பேர்கூட இல்லாத சிற்றூர். 1982-இல் எஃகு ஆலை மூடப்பட்டது. பின்னர் உயர்நிலைப் பள்ளியும் போய், பிள்ளைகள் மாநில எல்லை தாண்டிப் படிக்கப் போயிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் 2006-இல் லிங்கன் பார்க் நிகழ்த்துகலை சார்ட்டர் பள்ளி தொடங்கியது. சார்ட்டர் என்றால் அரசுப் பணம், தனி நிர்வாகம். மாணவரிடம் கட்டணம் கிடையாது; அவர் குடியிருக்கும் பள்ளி மாவட்டமே, அதாவது அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பே, பணம் தர வேண்டும். ஏழு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இருக்கிறது.

கணக்குக்குப் பீரியடு இருப்பதுபோல் நாடகத்துக்கும் நடனத்துக்கும் அங்கே பீரியடு உண்டு. பேத்தி நாடகப் பிரிவு. மேடைக்குப் பலகை அறுத்துப் படிக்கட்டு செய்திருக்கிறாள். அதன் சாய்வைக் கணக்கிட்ட தாளைக் காட்டினாள். காலமெல்லாம் முக்கோணவியல் நடத்திய எனக்கு அந்தத் தாளைக் கீழே வைக்க மனம் வரவில்லை. சட்டத்தோடும் மருத்துவம் சார்ந்த அறிவியலோடும் கலையைச் சேர்த்துப் படிக்கும் பிரிவுகளும் உண்டு. கூத்துக் கட்டினால் சோறு கிடைக்குமா என்று கேட்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

குறையும் இருக்கிறது. தங்கள் பணம் போகிறதே என்று அங்குள்ள பள்ளி மாவட்டங்கள் வருந்துவதில் நியாயம் உண்டு. இப்பள்ளி உருவாக முன்னின்றவர், அதே ஊரில் தாம் நிறுவிய இணையவழி சார்ட்டர் பள்ளி தொடர்பான வரி மோசடி வழக்கில் 2018-இல் சிறைத் தண்டனை பெற்றார். ஆகவே, தனி நிர்வாகம் என்ற பகுதியை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து.

நம்மிடம் ஒன்றும் இல்லாமல் இல்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் எல்லாம் மூன்றாண்டுகள் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஊக்கத்தொகையும் தருகிறார்கள். பன்னிரண்டு வயதிலேயே சேரலாம். ஆனால் அது முழுநேரப் பயிற்சி. தவிலா, பத்தாம் வகுப்பா என்று அந்த வயதில் முடிவு செய்யச் சொன்னால் எத்தனை வீடுகளில் தவில் என்பார்கள்?

ஒரே ஒரு மாவட்டத்திலாவது இசைப்பள்ளியையும் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியையும் இணைத்து, காலையில் பாடம், பிற்பகலில் கலை என்று அரசே நடத்திப் பார்க்கட்டும். ஏற்கெனவே காசு கொடுத்துக் கற்ற பிள்ளைகளுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை கூடாது. ஆர்வம் இருந்தால் போதும். அப்புறம், ஆசிரியர்களுக்கு எங்கே போவது என்று யாரும் கேட்க வேண்டாம். 2012-இல் இசையும் ஓவியமும் கற்பிக்கப் பகுதிநேரமாக நியமிக்கப்பட்டு, பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடி வந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களை முழுநேர ஆசிரியர்களாக அங்கே அமர்த்துங்கள்.

– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கும்பகோணம்