பெயர் போடவில்லை, ஆனாலும் பிள்ளையை ஊர் அறிந்துவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஆரம்ப வகுப்புகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. காலையில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் எல்லாப் பேப்பரும் பார்த்துவிட்டுத்தான் உலை வைப்பேன்.

ஒருநாள் அங்கே ஒருவர் செய்தியொன்றைச் சத்தமாக வாசித்தார். சிறுமி ஒருத்தி துஷ்பிரயோகம் செய்யப்பட்டதாகவும் ஒருவர் கைதானதாகவும் இருந்தது. பிள்ளையின் பெயர் இல்லை. ஆனால் வயது, வகுப்பு, எந்தக் கோயிலடி, தகப்பனின் தொழில், கைதானவர் பிள்ளைக்கு என்ன முறை, எல்லாம் இருந்தன. வாசித்து முடியவில்லை, மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தவர் "அப்ப இது இன்னாற்ற பெட்டையெல்லோ" என்றார். அந்தப் பிள்ளைக்கு 'அ' எழுதப் பழக்கியவள் நான். எழும்பி வெளியே வந்துவிட்டேன். (ஊரையும் வருடத்தையும் நான் எழுதவில்லை. எழுதினால் நானும் அதே பிழையைச் செய்தவள் ஆவேன்.)

பின்னேரம் பிள்ளையின் அம்மம்மா நிலையத்துக்கு வந்தா. ஒன்றும் கதைக்கவில்லை. அந்தப் பேப்பரை எடுத்து நாலாக மடித்து, சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு போனா. மற்ற வாசிகசாலைகளில் கிடந்ததை அவ எப்படி எடுப்பா? கைத்தொலைபேசிகளில் ஓடித் திரிந்ததை? பிள்ளை முதலில் ரியூசனை விட்டது, பிறகு பள்ளிக்கூடத்தை.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் ஒரு பிரிவைச் சேர்த்தது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் பெயரை மட்டுமல்ல, அவர் யாரென்று தெரியவைக்கும் எந்த விடயத்தையும் அச்சிடுவதோ வெளியிடுவதோ குற்றம். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். "பெயர் போடவில்லைத்தானே" என்பது இதற்குப் பதிலாகாது. முகநூலில் போடுவதும் வெளியிடுவதுதான் என்பது என் எண்ணம்.

செய்தியே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. மூடி மறைத்த காலத்தில் பிள்ளைகள் பட்ட பாடும் எனக்குத் தெரியும். கைது, வழக்கு, தீர்ப்பு எல்லாம் எழுதுங்கள். ஆனால் தகப்பன் என்ன தொழில் செய்தால் வாசிப்பவனுக்கு என்ன? அச்சுக்குப் போகமுன், பிள்ளையின் பக்கத்து வீட்டுக்காரர் வாசித்தால் கண்டுபிடிப்பாரா என்று ஒருதரம் பாருங்கள்.

போன கிழமை ஒரு தாய் படலையடியில் நின்று கேட்டா: "ரீச்சர், 1929க்கு அடிச்சா பேப்பரில வருமோ?" அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், பயப்படாமல் எடு பிள்ளை என்றேன். வராது என்று உறுதி சொல்ல வாய் வரவில்லை.

இப்படியான செய்திகளில் எதையெதை எழுதமாட்டீர்கள் என்று உங்கள் பத்திரிகையிலேயே ஒருநாள் போடுங்கள். வெட்டி நிலையத்துச் சுவரில் ஒட்டுகிறேன். அந்தத் தாய்க்கும் காட்டவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
யாழ்ப்பாணம்.