அப்துல் ஹமீதை ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் தமிழ்த் தொலைக்காட்சித் தொகுப்பாளர்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டு முழுப் பக்கம், பக்கம் நிறையப் படங்கள். பக்கத்து மாவட்டத்துச் சிங்கம்புணரிப் பிள்ளை சிவகார்த்திகேயன் சின்னத்திரையிலிருந்து சினிமாவுக்குப் போன கதை, அறந்தாங்கிக்காரர் கோபிநாத், திவ்யதர்ஷினி, மா.கா.பா. ஆனந்த், பிரியங்கா என்று எல்லாரும் இருக்கிறார்கள். சரி, இருக்கட்டும், அவர்களும் உழைத்து வந்தவர்கள்தான், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இலங்கை வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீதுக்கு நீங்கள் கொடுத்தது ஒரே ஒரு வரி, அதுவும் 'பாட்டுக்குப் பாட்டு நடத்தியவர்' என்று. சென்னையில் உட்கார்ந்து எழுதுகிற தம்பிக்கு அவர் தொண்ணூறுகளில் சன் டிவியில் திடீரென்று தோன்றிய ஒருவராகத் தெரிந்திருக்கலாம். எங்கள் கரையில் அப்படி இல்லை. அவர் முகம் திரையில் வந்தபோது, 'ஓ, இவர்தானா அது' என்றுதான் பார்த்தோம், ஏனென்றால் குரல் பல வருடம் முன்னாலேயே எங்கள் வீடுகளுக்குள் வந்துவிட்டது.

நான் கீழக்கரை. எங்கள் ஊர் ஆண்கள் பாதிப் பேர் சபராளிகள், அதாவது கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிக்கிறவர்கள், இப்போது துபாய், அப்போது கொழும்பு. வாப்பாவுக்கும் மாமாமார்களுக்கும் கொழும்பில் கடை. அவர்கள் வரும்போது ராணி சோப்பும் துணிமணியும் வரும், ஒரு தடவை டிரான்சிஸ்டர் வந்தது, அது வந்த பிறகு வேறு எதையும் நாங்கள் பெரிதாக எதிர்பார்க்கவில்லை என்று சொல்லலாம். பெண்கள் தெருவுக்கே அதிகம் வராத காலம் அது. உம்மா, ராத்தா, சின்னம்மா எல்லாரும் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு இலங்கை வானொலி கேட்பார்கள். காலையில் 'பொங்கும் பூம்புனல்', ராஜேஸ்வரி சண்முகம் நடத்திய 'பூவும் பொட்டும்', இரவில் 'இரவின் மடியில்'. நோன்பு மாதம் வந்தால் முஸ்லிம் சேவை. ஆண்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ அந்த ஊரிலிருந்து ஒரு குரல் தினமும் வீட்டுக்கு வருகிறது என்பதே எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒரு தெம்பு. கடிதம் வர நாளாகும், வானொலி உடனே வந்துவிடும்.

ஏன் இலங்கை வானொலி, நம்ம ஊர் வானொலி இல்லையா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். இருந்தது. ஆனால் 1952-ல் கேஸ்கர் என்பவர் மத்திய அமைச்சராக வந்து சினிமாப் பாட்டை ஆகாசவாணியிலிருந்து ஏறக்குறைய விரட்டிவிட்டார். விவித் பாரதி தொடங்க 1957 ஆகிவிட்டது. அதற்குள் நாடு முழுக்க ரசிகர்கள் சிலோனுக்குத் திரும்பிவிட்டார்கள், வடக்கே இந்திக்கு, இங்கே தமிழுக்கு. அதிலும் எங்களுக்கு இன்னொரு வசதி. மத்திய அலை உப்புத் தண்ணீருக்கு மேலே வலு குறையாமல் வரும், தரைக்கு மேலே வரும்போது தேய்ந்து போகும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான் கடல். மதுரையில் இரைச்சலோடு கேட்டது எங்களுக்குப் பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் கேட்கும். அங்கே அறிவிப்பாளர்களாக இருந்த மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் எங்களுக்குச் சினிமா நடிகர்களுக்குச் சமம். மயில்வாகனனைக் கேட்டு வளர்ந்தது என் உம்மாவின் தலைமுறை, ராஜாவையும் ஹமீதையும் கேட்டு வளர்ந்தது நாங்கள். ராஜா மின்னல் மாதிரிப் பேசுவார், அவர் 'திரை விருந்து' நடத்தினால் என் காக்கா, அதாவது அண்ணன், சாப்பாட்டை விட்டு எழுந்து வருவான். ஹமீது அப்படி இல்லை, நிதானம். ராஜாதான் பெரிய ஆள் என்று காக்கா சொல்வான், இல்லை என்று நான் சண்டை போடுவேன். ராஜா 1994-ல் கொலையுண்டார் என்று சேதி வந்த அன்று காக்கா யாரிடமும் பேசவில்லை.

ஹமீது கொழும்புக்காரர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வானொலியின் சிறுவர் நிகழ்ச்சிக்குள் வந்து, நாடகம் நடித்து, பிறகு அறிவிப்பாளர் ஆனவர். இந்த நாடகம் என்பதைத்தான் உங்கள் கட்டுரை முழுக்க விட்டுவிட்டது. எஸ். ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' என்று ஒரு தொடர் அங்கே சக்கைப் போடு போட்டது. அதில் நாலு பேர்: முஸ்லிம் தமிழ் பேசும் மரிக்கார், யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டி, சிங்களவர் பேசுகிற தமிழில் உபாலி, அப்புறம் ஒரு ஐயர். மரிக்காராக வந்தவர் ராம்தாஸ், ஐயராக வந்தவர் அப்துல் ஹமீது! மரைக்காயர்கள் குடியிருக்கிற தெருவில் இதைக் கேட்டால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் பேச்சை ராம்தாஸ் பேசுகிறார், எங்கள் ஆள் அக்கிரகாரத்துப் பேச்சைப் பேசுகிறார், யாருக்கும் கோபம் வரவில்லை, சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததுதான் மிச்சம். 1976-ல் அது 'கோமாளிகள்' என்று சினிமாவாகவும் அங்கே வந்தது. இன்றைக்கு ஒருத்தர் இன்னொருத்தர் பேச்சை நடித்துக் காட்டினால் என்னென்ன வழக்கு வரும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இதை நான் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பின்னால் டிவியில் அவர் காட்டிய திறமை அத்தனையும் அங்கே படித்ததுதான். வானொலியில் முகம் கிடையாது, கை ஆட்ட முடியாது, சட்டையைக் காட்ட முடியாது. ழகரமும் ளகரமும் பிசகினால் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வருவதற்குள் அது எந்தப் படம், யார் எழுதியது, யார் இசை, யார் பாடியது என்று சொல்லியாக வேண்டும், அதுவும் கடிதம் போட்ட நேயரின் ஊர்ப் பெயரைத் தப்பில்லாமல் படித்த பிறகு. தங்கச்சிமடம், தொண்டி, ஏர்வாடி, பெரியபட்டினம் என்று எங்கள் ஊர்ப் பெயர்களை அவர்கள் வாயால் கேட்க அஞ்சல் அட்டை எழுதாத பிள்ளை இந்தப் பக்கம் கிடையாது. கவிஞர் பெயரைச் சொல்லாமல் பாட்டை மட்டும் போட்டுவிட்டுப் போவது மரியாதை இல்லை என்பதை நாங்கள் தெரிந்துகொண்டது அங்கேதான். இப்போதைய எஃப்.எம். ஒன்றிலும் கவிஞர் பெயர் காதில் விழுவதே இல்லை.

பாட்டுக்குப் பாட்டும் வானொலியிலும் மேடையிலும் அவர் நடத்திப் பழகிய விளையாட்டு. சன் டிவி 1993-ல் வந்தது, கேபிள் ஒவ்வொரு தெருவாக நீண்டது, அப்புறம் 'லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு' என்று அது சின்னத்திரைக்கு வந்தது. அதற்கு முன்னால் எங்களுக்கு டிவி என்றால் இலங்கையின் ரூபவாஹினிதான், 1982-லிருந்து. மாடியில் இரும்புக் குழாயை நட்டு ஆன்டெனா கட்டி, கச்சான் காற்று அதைத் திருப்பிவிட்டால் ஒருத்தர் மேலே ஏறிப் பிடிக்க, இன்னொருத்தர் கீழே நின்று 'இப்போ தெரியுது, இப்போ போச்சு' என்று கத்த, பெரும்பாலும் சிங்களத்தில் ஓடுவதைப் புரியாமல் பார்த்துக்கொண்டு தமிழ் எப்போது வரும் என்று காத்திருப்போம். ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்கு நம்ம தூர்தர்ஷன் கோபுரம் எழுந்து நின்றபோது ஊரில் கேபிள்காரர் வந்துவிட்டார். அரசாங்கத்தின் நேரக் கணக்கு எப்போதுமே அப்படித்தான்.

சரி, நிகழ்ச்சிக்கு வருகிறேன். விளையாட்டு ரொம்ப எளிது, கொடுத்த எழுத்தில் ஆரம்பிக்கிற சினிமாப் பாட்டைப் பாட வேண்டும், வரி பிசகக்கூடாது, அவ்வளவுதான். அதை வெறும் அந்தாக்ஷரி என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அங்கே பாட வந்தவர்கள் யார்? வங்கியில் வேலை பார்க்கிறவர், கல்லூரிப் பெண், குழந்தையை மடியில் வைத்திருந்த வீட்டுக்காரம்மா. பாரிஸ், லண்டன், கனடா என்று போய் நடத்தியபோது ஊரை விட்டுப் போன ஈழத் தமிழர்கள். யாரும் பெரிய பாடகர் இல்லை. அவர்கள் சுருதி விட்டுப் பாடினாலும் அந்த மனிதர் முகத்தில் கேலி வராது. பாட்டு மறந்து நின்றால் பார்வையாளர்களைச் சிரிக்க விட மாட்டார். தோற்றுப் போகிறவரை ஒரு நல்ல வார்த்தை சொல்லித்தான் இறக்குவார். ஜெயித்தவரை விடத் தோற்றவருக்கு அதிக நேரம் கொடுத்ததுபோல் எனக்கு எப்போதும் தோன்றும். எதிரே நிற்கிற மனிதர் அந்தக் கொஞ்ச நேரமாவது பெரிய ஆளாகத் தெரிய வேண்டும், தொகுப்பாளர் வேலை என்றால் என்னைப் பொறுத்தவரை அதுதான். இப்போது வருகிற பாட்டுப் போட்டிகளில் பிள்ளை பாடி முடித்த உடனே தொகுப்பாளர் இரண்டு பேரும் தங்களுக்குள் ஜோக் அடித்துக்கொள்கிறார்கள், பிள்ளை மைக்கைப் பிடித்துக்கொண்டு எப்போது முடியும் என்று நிற்கிறது, அது அழுதால் கேமரா கிட்டே வருகிறது. எல்லாரையும் சொல்லவில்லை. கோபிநாத் 'நீயா நானா'வில் ஒரு கூலித் தொழிலாளியைப் பேச வைத்துக் காத்திருக்கும் நேரங்களில் எனக்கு ஹமீது ஞாபகம் வரும்.

அவரைப் பற்றிக் குறையே இல்லையா என்றால், மேடையில் பெரியவர்களை அறிமுகப்படுத்தும்போது கொஞ்சம் நீளும். என் பேரன் பழைய காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு 'இவ்வளவு மெதுவாப் பேசினா எப்படி வாப்புச்சி கேட்டாங்க' என்று அவன் வாப்புச்சியிடம், அதாவது தாத்தாவிடம் கேட்டான். வாப்புச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை, பையன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிற பிள்ளைகளுக்கு அது மெதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் விட்டுப் போயிருக்கிறது. 2000-ல் வந்த 'தெனாலி'யில் கமல்ஹாசன் பேசிய இலங்கைத் தமிழுக்கு உதவியவர் ஹமீதுதான். அந்தப் பேச்சு சரியா இல்லையா என்று மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கிற இலங்கை மக்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனால் ஒரு பெரிய நடிகர் பேச்சு வழக்கைக் கற்றுக்கொள்ள யாரிடம் போனார் என்பது கட்டுரையில் வர வேண்டாமா? கொழும்பில் பிறந்த முஸ்லிம் ஒருவர், ஐயர் தமிழும் பேசுவார், யாழ்ப்பாணத் தமிழும் சொல்லிக் கொடுப்பார், செய்தித் தமிழும் வாசிப்பார். இப்படி ஒரு ஆளைத்தான் ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள்.

இந்த ஒரு வரிக்கு இவ்வளவு கோபமா என்று நீங்கள் நினைக்கலாம். கோபத்துக்கு வேறு காரணமும் உண்டு. 2024-ல் அவர் இறந்துவிட்டார் என்று யாரோ கிளப்பிவிட, எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் அது சுற்றியது, துஆ கேட்டுக் கூடச் செய்தி வந்தது, கடைசியில் அந்த மனிதரே காணொளியில் வந்து நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவரைப் பற்றி இப்படி வதந்தி கிளம்புவது அது முதல் தடவையும் இல்லை. செத்துவிட்டார் என்றால் பக்கம் பக்கமாக எழுத எல்லாரும் தயாராக இருக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது ஒரு வரி.

அதனால் என் கோரிக்கை இதுதான். ஒரு நிருபரை அனுப்பி அவரிடம் விரிவாகப் பேட்டி எடுங்கள். அவர் தன் அனுபவங்களை நூலாகவே எழுதியிருக்கிறார், அதைப் படித்துவிட்டு ஆளை அனுப்புங்கள், 'உங்களுக்குப் பிடித்த பாட்டு எது' என்று கேட்டுவிட்டு வரக்கூடாது. நாடகத்தைப் பற்றிக் கேளுங்கள், கூட வேலை செய்தவர்களைப் பற்றிக் கேளுங்கள், 1983-ல் கொழும்பு எரிந்தபோது நிலையத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். இந்தக் கரையிலும் கேளுங்கள். பாம்பனில் 2016-லிருந்து மீனவர்களுக்காகக் கடல் ஓசை என்று சமுதாய வானொலி நடக்கிறது, காற்று எப்படி, அலை எப்படி என்று எங்கள் பிள்ளைகளே எங்கள் பேச்சிலேயே சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகளையும் பழைய நேயர்களையும் ஒரு இடத்தில் உட்கார வைத்துப் பேசவிட்டால் உங்கள் இணைப்புக்கு இரண்டு பக்கம் போதாது. இப்போதெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து எங்களுக்கு வருகிற சேதி படகைப் பிடித்தார்கள், வலையை அறுத்தார்கள், காவல் நீட்டிப்பு என்பது மட்டும்தான், உங்கள் பத்திரிகையிலும் வாரத்துக்கு ஒரு தடவை அதுதான் வருகிறது. கேட்டு மகிழ்ந்த சேதியும் ஒரு காலத்தில் வந்துகொண்டிருந்தது என்பதும் அச்சில் வரட்டும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வானொலியிலிருந்து பதிவு செய்த கேசட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. 'இசையும் கதையும்' இருக்கிறது, கோமாளிகள் இரண்டு மூன்று இருக்கிறது, சிலவற்றில் நாடா பூஞ்சை பிடித்துவிட்டது. வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன், பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவதாக இருந்தால் சம்மதம் என்கிறார். நிருபர் வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், மற்ற நாளில் அஸர் தொழுகைக்குப் பிறகு, சாயங்காலம் வரலாம். கேசட் போடுகிற பெட்டியை அவரே கொண்டு வரட்டும், எங்களிடம் இருப்பது நாடாவைத் தின்றுவிடுகிறது.

இப்படிக்கு,
பழைய நேயர் ஒருத்தி,
கீழக்கரை