டியூப்பின் நிறம் பார்த்தவர்களுக்கு நன்றி

கடலூர், புதுச்சேரி மக்களுக்கு வணக்கம்.

இந்த மாதக் கடைசியோடு மஞ்சக்குப்பம் கிளினிக்கை மூடுகிறேன். போர்டில் இருந்தது என் பெயர் மட்டும்தான், உள்ளே உழைத்தவர்கள் பலர். நேரில் நன்றி சொல்லப் போனால் "விடுங்க சார்" என்று நழுவிவிடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில், நான் டாக்டராக இருந்த ராணுவம். சிறுநீரகக் கல் என்றால் வெயில் ஊர் வியாதி என்றுதான் நம் பக்கம் நினைப்போம். லடாக் குளிரிலும் ஜவான்கள் கல்லோடு வந்தார்கள். காரணத்தைப் புரியவைத்தவர் எங்கள் நர்சிங் அசிஸ்டன்ட், ஒரு பீகார் ஹவில்தார். ராத்திரி அந்தக் குளிரில் எழுந்து வெளியே போக வேண்டுமே என்று பையன்கள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்றார். அங்கே காற்றும் வறண்டது; மூச்சிலேயே நீர் போய்விடும், தாகமும் தெரியாது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்களும் மரக்காணம் உப்பளத்துப் பெண்களும் பின்னாளில் கல்லோடு வந்தபோது, அவர் சொன்னதை வைத்துத்தான் கேள்வி கேட்டேன். ஒதுங்க இடமில்லை, அதனால் குடிப்பதில்லை என்றார்கள் அந்தப் பெண்கள். அவர்களிடம் போய் "நிறைய தண்ணி குடிங்கம்மா" என்று சீட்டில் எழுதிக் கொடுத்து என்ன பயன்?

ராணுவத்தை விட்டு வந்து புதுச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினேன். "ஏன் சார்?" என்று கேட்டுக் கேட்டே என்னைப் படிக்க வைத்த மாணவர்களுக்கு நன்றி.

அங்கே இருந்த மயக்க மருத்துவர் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கி நீரை அடைத்தால், அதை உள்வழியாகச் சுரண்டி எடுப்போம். அப்போது உள்ளே கழுவுவதற்குத் திரவம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அது கிளைசின் கலந்த நீர்தான். அது அதிகமாக ரத்தத்தில் கலந்தால் சோடியம் இறங்கும், ஆள் குழம்பிப்போவார். முதுகில்தான் ஊசி என்பதால் நோயாளி விழித்திருப்பார். இந்த அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, "பேரப்பிள்ளைங்க எத்தனை? இந்த வருஷம் முந்திரி என்ன விலை போச்சு?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். பண்ருட்டிக்காரர் ஒருவர் முந்திரி விலையில் தடுமாறினால் சும்மா விடலாமா? "சார், போதும், நிறுத்துங்க" என்பார். நானும் நிறுத்திவிடுவேன். இப்போது பைபோலார் என்ற புது வகை மின்கருவி வந்து, கழுவ சலைனே போதும் என்றாகிவிட்டது. அந்தப் பயம் பெரும்பாலும் போய்விட்டது. அம்மா பேச்சை மட்டும் விடவில்லை.

அப்புறம் நைட் டியூட்டி சிஸ்டர்கள். ஆபரேஷன் முடிந்ததும் நான் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். சிறுநீர் டியூப்பில் வருவது ரோஸா சிவப்பா என்று விடியவிடியப் பார்த்து, ரத்தக்கட்டி அடைத்தால் சிரிஞ்சால் கழுவிவிட்டவர்கள் நீங்கள். நோயாளிகள் பழக்கூடையோடு என்னைத்தான் தேடி வந்தார்கள். நியாயமே இல்லை.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தது. கடலூரில் கரண்ட் போய், ரோடெல்லாம் மரம். நீரடைப்பில் துடித்த ஒரு பெரியவரை ஆட்டோக்காரத் தம்பி பாதி வழி வண்டியிலும் மீதி வழி தோளிலும் கொண்டுவந்தார். கம்பவுண்டர் அண்ணன் டார்ச் பிடிக்க, டியூப் போட்டேன். பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் கேட்காமலே ஜெனரேட்டருக்கு டீசல் கொடுத்தார். பில் இன்றுவரை வரவில்லை.

மாற்றலுக்கு மாற்றல் பெட்டி கட்டிய என் மனைவிக்கும் நன்றி. இதற்கு மேல் எழுதினால் திட்டுவார்.

கடைசியாக, எங்கள் ரிசப்ஷன் அம்மாவின் நீல நோட்டு. கல் எடுத்தபின் சிறுநீர்க் குழாயில் வைக்கும் டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய டியூப்பை உரிய நாளில் எடுக்க வேண்டும். வலி போனதும் பலர் மறந்துவிடுவார்கள். மாதக்கணக்கில் விட்டால் அதன்மேலேயே கல் படியும். ஸ்டென்ட் வைத்த ஒவ்வொருவர் பெயரையும் அந்த நோட்டில் எழுதி, போன் போட்டு, எடுக்காவிட்டால் வீட்டுக்காரம்மாவிடம் புகார் செய்து, எத்தனையோ சிறுநீரகங்களைக் காப்பாற்றியவர் அவர். படிப்பு பத்தாவதுதான்.

நோட்டில் இன்னும் சில பெயர்கள் அடிக்கப்படாமல் இருக்கின்றன. அவர்கள் கிளினிக் மூடுவதற்குள் வந்துவிடுங்கள். மற்றவர்கள் பழைய ஸ்கேன், கேஸ் ஷீட்டெல்லாம் காலை வேளையில் வந்து அம்மாவிடம் வாங்கிக்கொள்ளலாம். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டிலிருந்து யாரையாவது சீட்டுடன் அனுப்பினால் போதும்.

அன்புடன்,
உங்கள் சிறுநீரக அறுவை மருத்துவர்
மஞ்சக்குப்பம், கடலூர்