எங்கள் படைவீரர்களை உட்கார வையுங்கள்

முன்னாள் படைவீரர் தின அணிவகுப்பு விழாக் குழுவினருக்கு,

வணக்கம். இந்த ஜனவரி 14 அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் மேடையில் இருந்தீர்கள். கீழே வெயிலில் நின்ற வரிசையில் என் பெரியப்பாவும் இருந்தார்.

அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட் ஹவில்தார். 1971 போரில் மேற்கு எல்லையில் நின்றவர். அதற்குக் கிடைத்த பஷ்சிமி ஸ்டார் மெடலை முதல் நாள் ராத்திரியே துடைத்துக் கோட்டில் குத்தி வைத்துவிட்டார். எட்டு மணிக்கு வரச் சொன்னீர்கள். ஏழரைக்கே போய் நின்றார், பட்டாளத்துப் பழக்கம். சிறப்பு விருந்தினர் வந்தது பத்தரைக்கு. அதுவரை எண்பதை நெருங்கும் மனிதர்கள் கோட்டும் தொப்பியுமாகச் சாலையிலேயே நின்றார்கள். பந்தலுக்குள் துணி போர்த்திய நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஒன்றை எடுக்கப் போனேன். "அது விஐபிக்கு" என்று உங்கள் ஆள் தடுத்துவிட்டார். அன்றைய நாளில் அவர்களைவிடப் பெரிய விஐபி யார்?

வீட்டுக்குப் போய்விடலாம் என்று பெரியப்பாவைக் கூப்பிட்டேன். "ஃபால்-இன் ஆனப்புறம் வரிசைய விட்டு வரக்கூடாதுப்பா" என்றார். அவர் முழங்கால் நடுங்குவது பேண்ட்டுக்கு மேலேயே தெரிந்தது. அவர் குறை சொல்ல மாட்டார். அந்த வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுடைய கட்டுப்பாட்டை நீங்கள் உங்கள் வசதிக்கு எடுத்துக்கொண்டதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அவர்களை உட்கார வையுங்கள். நான் கேட்பது இதைத்தான்.

இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953 ஜனவரி 14 அன்று ஓய்வு பெற்றார். அதனால்தான் இந்த நாள் முன்னாள் படைவீரர்களுக்கானது. ஆனால் ஒலிபெருக்கியில் விருந்தினர் பெயர் திரும்பத் திரும்ப வந்ததே தவிர, ஒரு வீரரின் பெயரோ ரெஜிமென்டோ வரவில்லை. பள்ளி பேண்டு, அலங்கார வண்டிகள் எல்லாம் போன பிறகு கடைசியாகத்தான் இவர்களை நடக்கவிட்டீர்கள். அப்போதும் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" என்று தன் ரெஜிமென்டின் போர் முழக்கத்தைப் பெரியப்பா குரல் கொடுத்ததும் பக்கத்தில் வந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் குரலைக் கேட்டு எனக்குக் கண் நிறைந்தது. மேடையில் பாதிப் பேர் அதற்குள் கிளம்பியிருந்தார்கள்.

பென்ஷனுக்காக ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுத்துத் தாங்கள் இருப்பதை நிரூபிக்கிறவர்கள் இவர்கள். கணவர் பென்ஷனை வாங்க அலையும் அம்மாக்களையும் பார்த்திருக்கிறேன். எல்லா அலுவலகத்திலும் காத்திருக்கிறார்கள், பாராட்டு விழாவிலுமா? அதெல்லாம் உங்கள் கையில் இல்லை என்பது எனக்குப் புரிகிறது. நாற்காலி உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆகவே பணிவோடு கேட்கிறேன். அடுத்த ஆண்டு பந்தலின் முன்வரிசையை அவர்களுக்குக் கொடுங்கள். விருந்தினர் வரத் தாமதமானால் அவர் இல்லாமலே தொடங்குங்கள். நடக்க முடிகிறவர்கள் முதலில் நடக்கட்டும், முடியாதவர்களுக்கு ஒரு திறந்த ஜீப் போதும். ஒவ்வொருவர் பெயரையும் ரெஜிமென்டையும் மைக்கில் சொல்லுங்கள். அப்புறம், பந்தல் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் நானும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் முதல் நாளே வந்துவிடுகிறோம். எப்போது வர வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஹவில்தாரின் தம்பி மகன்