பாப்பாவும் சீரியலும்

மாப்ள,

பாப்பாவை சீரியலில் நடிக்கக் கேட்கிறார்கள், என்னடா செய்யலாம் என்று எழுதியிருந்தாய். அனுப்பு, அனுப்பாதே என்று சொல்ல நான் யார்? ஆனால் படித்ததும் கேரி கோல்மன் ஞாபகம்தான் வந்தது. 1978இல் அமெரிக்காவில் ஆரம்பித்த 'டிஃபரன்ட் ஸ்ட்ரோக்ஸ்' தொடரில் ஆர்னால்டாக நடித்த, கன்னம் உப்பிய குட்டிப் பையன். பிறவியிலேயே சிறுநீரகக் கோளாறு, அதற்குச் சாப்பிட்ட மருந்து எல்லாம் சேர்ந்து நாலு அடி எட்டு அங்குலத்தோடு வளர்ச்சி நின்றுவிட்டது. ஊர் சிரித்தது அந்த உயரத்தைப் பார்த்துதான். 1986இல் தொடர் முடிந்தபோது அவனுக்கு 18 வயது, திரையில் இன்னமும் வாண்டு.

ஒரு எபிசோடுக்கு லட்சம் டாலர் வரை வாங்கினான் என்பார்கள். வளர்ந்து கணக்குக் கேட்டால் பணத்தைக் காணோம். வளர்த்த அப்பா அம்மா மேலேயே 1989இல் வழக்குப் போட்டான், 1993இல் ஜெயித்தான், பன்னிரண்டு லட்சத்து எண்பதாயிரம் டாலர். அதுவும் தங்கவில்லை. செக்யூரிட்டி வேலை பார்த்தான், 1999இல் திவால். 2003இல் கலிபோர்னியா கவர்னர் தேர்தலில் ஒரு பத்திரிகை வேடிக்கைக்காக அவனை நிறுத்தியது. 135 பேரில் எட்டாவதாக வந்தான், 14,242 ஓட்டு. ஜெயித்தவர் பெயரும் ஆர்னால்டுதான், ஹாலிவுட் நடிகர் ஷ்வார்செனேகர், நிஜ ஆர்னால்டு! 2010இல் இறந்துபோனான். பார், 42 வயதில் செத்த மனுஷனை நானும் அவன் இவன் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். அதுதான் அவருக்கு நடந்தது.

பிள்ளை சம்பாதித்ததில் ஒரு பங்கைப் பிள்ளைக்கே ஒதுக்கவேண்டும் என்று அங்கே 1939லேயே கூகன் சட்டம் என்று ஒன்று வந்தது, ஆனால் ஓட்டை நிறைய. 2000இல்தான் அதைத் திருத்தி, சம்பாத்தியம் முழுக்க குழந்தையுடையது, அதில் 15 சதவீதம் தனிக்கணக்கில் போட்டே ஆகவேண்டும் என்றார்கள். நம்மூரிலும் 2017 முதல் விதி இருக்கிறது: குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் எஃப்டி, ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, கலெக்டர் அனுமதியும் வேண்டும். கம்பெனிக்காரர்கள் தானாகச் சொல்வார்களா என்ன, நீயே கேள். முகம் சுளித்தார்கள் என்றால் எழுந்து வந்துவிடு.

அப்புறம், பாப்பாவிடம் கேட்டாயா? கடிதம் முழுக்க உன் ஆசையும் உன் மாமியார் ஆசையும்தான் இருக்கிறது, அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை.

அதை எழுது.