பிரஷர் நோட்டில் ஸ்டீராய்டு அளவையும் எழுதச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முடக்குவாதம், லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் நோய்), பெருங்குடல் அழற்சி என்று நீண்டகால நோய்களுக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம் ஊர்களில் நிறைய பேர். அதனால் சர்க்கரை ஏறும், முகம் ஊதும் என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பிரஷரும் ஏறும், மாத்திரையின் அளவைக் குறைக்கும்போது அது இறங்கவும் செய்யும் என்பதை மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. அதனால் எங்கள் வீட்டில் பட்ட பாட்டை வைத்து இதை எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு முடக்குவாதம். காலையில் விரலை மடக்க முடியாது, தம்ளரைக்கூட இரண்டு கையாலும்தான் பிடிப்பார். மூட்டுவாத டாக்டர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை 20 மில்லிகிராமில் ஆரம்பித்தார், ஒரு வாரத்துக்குள் அம்மா தானே தலை பின்னிக்கொண்டார். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர் முடக்குவாதத்தில் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டபோதும் இப்படித்தான், சில நாட்களில் அவர் எழுந்து நடந்துவிட்டார். 1950இல் ஹென்ச்சுக்கும் அவரோடு இருவருக்கும் நோபல் பரிசே கிடைத்தது. ஆகவே இந்த மருந்தைத் திட்ட நான் வரவில்லை, அதன் அருமை தெரிந்த வீடு எங்களுடையது.

அம்மாவுக்கு அதுவரை பிரஷர் கிடையாது. ஸ்டீராய்டு தொடங்கிச் சில வாரங்கள் கழித்து வேறு எதற்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது 160/100 இருந்தது. பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் கொடுத்தார்கள், அடங்கவில்லை என்று பிறகு 10 ஆக்கினார்கள். சரி, பிரஷர் கட்டுக்குள் வந்தது. அதே சமயத்தில் மூட்டுவாத டாக்டர் ஸ்டீராய்டை 20இலிருந்து 15, 10, 5 என்று படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்தார், அதுவும் முறைப்படிதான். ஆனால் ஸ்டீராய்டு குறைகிற விஷயம் பிரஷர் மாத்திரை கொடுப்பவருக்குத் தெரியாது, பிரஷர் மாத்திரை 10 ஆனது மூட்டுவாத டாக்டருக்குத் தெரியாது. அம்மா எழுந்து நின்றாலே தலை சுற்றியது. வயசாகிவிட்டது, ரத்தம் குறைவு, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருநாள் குளியலறைக் கதவைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தவருக்கு மேல் பிரஷர் 98தான் இருந்தது. கால் வேறு வீங்கியிருந்தது. அம்லோடிபினாலும் கால் வீங்கும், ஸ்டீராய்டு உப்பைத் தேக்கினாலும் வீங்கும், எதனால் என்று பார்ப்பதற்கு முன்பே நீர் பிரிய மாத்திரை எழுதப்பட்டது. ஸ்டீராய்டும் பொட்டாசியத்தை வெளியேற்றும், நீர் மாத்திரைகளில் பலவும் வெளியேற்றும். இரண்டும் சேர்ந்து ராத்திரி முழுக்கக் கெண்டைக்கால் குரக்களி. இதில் தனியாக யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை, அவரவர் கையில் இருந்த சீட்டுக்கு அவரவர் சரியாகத்தான் மருந்து எழுதியிருந்தார்கள்.

ஏன் ஏறுகிறது என்று பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஸ்டீராய்டு அதிகமானால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, உப்போடு தண்ணீரும் தங்குகிறது. அது பாதிக் கதைதான். ரத்தக் குழாயை இறுக்கும் சுரப்புகளுக்கு அந்தக் குழாய் கூடுதலாக இணங்க ஆரம்பிக்கிறது, அதைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. அதனால்தான் உப்பை அவ்வளவாகத் தேக்காத டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுகூட பிரஷரை ஏற்றிவிடும். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு எல்லாவற்றையும் குறைப்பது நல்லதுதான், குறைக்கத்தான் வேண்டும், ஆனால் உப்பைக் குறைத்துவிட்டோம் என்று பிரஷர் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது. இந்துப்பும் உப்புதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இது ஏதோ ஒருவர் இருவருக்கு வருகிற பிரச்சினையும் இல்லை. இங்கிலாந்தில் நாள்பட்ட அழற்சி நோய் உள்ள 71 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை அலசி 2020இல் ஓர் ஆய்வு வந்தது. சில ஆண்டுகளில் அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் வந்திருந்தது. எல்லாமே ஸ்டீராய்டால் வந்தது என்று அதற்கு அர்த்தமில்லை, ஆனால் சாப்பிட்ட ஸ்டீராய்டின் மொத்த அளவு கூடக் கூட பிரஷர் வரும் வாய்ப்பும் கூடிக்கொண்டே போனது. இதோடு வலிக்குச் சாப்பிடுகிற டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்ஸிப் மாதிரி மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும், முடக்குவாதத்துக்கே கொடுக்கிற லெஃப்ளூனமைடும் ஏற்றும். இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள்தான் மூட்டு நோயாளிகளில் அதிகம். லூபஸ் உள்ளவர்களுக்கு நோய் சிறுநீரகத்தைத் தொட்டாலும் பிரஷர் ஏறும் என்பதால், எல்லாம் மாத்திரையின் வேலை என்று விட்டுவிடாமல் சிறுநீரையும் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

பயந்துபோய் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கவலை. சில வாரங்கள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் நம் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும், மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அதனால் உடனே சுரக்க முடியாது. வாந்தி, மயக்கம், பிரஷர் தரைமட்டத்துக்கு இறங்குவது, உயிருக்கே ஆபத்து என்று போகும். காய்ச்சலோ வாந்தியோ ஆபரேஷனோ வந்தால் அந்த நேரத்துக்கு அளவைக் கூட்டவும் வேண்டியிருக்கும். தயவுசெய்து யாரும் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் பேசுங்கள்.

அப்புறம், மூட்டு வலிக்கென்று பொட்டலத்தில் பொடி வாங்கிச் சாப்பிடுகிறவர்களும், ஊசி போட்டதும் வலி பறந்துவிட்டது என்று மாதாமாதம் அதே இடத்துக்குப் போகிறவர்களும் உண்டு. இப்படி விற்கிற சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. தான் ஸ்டீராய்டு சாப்பிடுவதே அவர்களுக்குத் தெரியாது, பிரஷர் ஏன் ஏறியது என்று பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து இது. ஆனால் பழைய அட்டையை நீட்டினால் கொடுத்துவிடுகிறார்கள்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள், எங்கள் தெருவில் எத்தனையோ வயதானவர்களுக்கு அது பெரிய உதவி. அவர்கள் ‘ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, இப்போது எத்தனை மில்லிகிராம்’ என்று சேர்த்துக் கேட்டு பிரஷர் அளவுக்குப் பக்கத்திலேயே எழுதினால், அளவு மாறிய அன்றே சுகாதார நிலைய டாக்டருக்குத் தெரிந்துவிடும். அதேபோல ஸ்டீராய்டு எழுதுகிற டாக்டர்கள் குறைப்பதற்குத் தருகிற சீட்டிலேயே, எந்தெந்த வாரம் பிரஷர் பார்க்க வேண்டும், எவ்வளவுக்கு மேல் போனால் அல்லது கீழே வந்தால் வர வேண்டும் என்பதையும் எழுதித் தர வேண்டும். சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே இது நடக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது தினசரி காலண்டர் தாளைக் கிழிப்பதற்கு முன்பு அதிலேயே பேனாவால் அன்றைய ஸ்டீராய்டு அளவும் பிரஷரும் எழுதி, தாளை ஒரு கம்பியில் கோத்து வைக்கிறோம். காலையில் மாத்திரைக்கு முன்பு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேஜையில் வைத்து, பேசாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. தலை சுற்றுகிறவர்களுக்கு எழுந்து நின்ற பிறகும் ஒரு தடவை பார்க்க வேண்டும். வீட்டில் பார்க்கும்போது 135/85க்கு மேல் தொடர்ந்து இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். 180/120 தாண்டி நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ பார்வை மங்கலோ இருந்தால் காத்திருக்கவே கூடாது. இந்தத் தாள்களைப் பார்த்துத்தான் அம்மாவின் அம்லோடிபினைக் குறைத்து, நீர் மாத்திரையையும் டாக்டர் நிறுத்தினார்.

சுற்றறிக்கை வருகிறவரைக்கும், ஸ்டீராய்டு சீட்டை பிரஷர் டாக்டரிடமும் பிரஷர் சீட்டை ஸ்டீராய்டு டாக்டரிடமும் அவர்கள் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அருப்புக்கோட்டை