டிராகுலாவின் நான்கு பக்கங்கள்

அன்புள்ள முருகேசா,

நீ சுத்தம் செய்துகொண்டிருக்கும் 'டிராகுலா' வானொலி நாடகக் கோப்பில் கால் மணிக்கு ஒருமுறை குரல் மங்கி, பிறகு சட்டென்று தெளிகிறது என்று எழுதியிருந்தாய். குறை உன் காதில் இல்லை, அது முதலில் பதிவான தட்டில்தான். 1938 ஜூலை 11 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில் நேரடியாகப் போன நாடகம் அது. ஆர்சன் வெல்ஸின் நாடகக் குழுவான மெர்க்குரி தியேட்டரின் முதல் வானொலி நிகழ்ச்சி. டேப் புழக்கத்துக்கு வராத காலம். அன்றைய ஒலிபரப்புகளை லாக்கர் என்ற மெருகு பூசிய 16 அங்குலத் தட்டில் பள்ளமாக வெட்டி வைப்பார்கள். ஒரு பக்கத்தில் 15 நிமிடம்தான் கொள்ளும். ஒரு மணி நேர நாடகத்துக்கு நான்கு பக்கம். வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்கு 70 செ.மீ. ஓடுகிற பள்ளம், உள்ளே போகப் போகப் பாதிக்குக் குறைந்துவிடும். 'ஸ்', 'ஷ்' ஒலிகள் அங்கேதான் மழுங்கும்.

ஆகவே கோப்பு முழுவதற்கும் ஒரே ஈக்வலைசர் (ஒலியின் உச்ச, அடி அளவுகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) அமைப்பைப் போடாதே. தெளிகிற இடங்களில் வெட்டி நான்காக்கு. ஒவ்வொன்றிலும் 5 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியை முடிவு நெருங்க நெருங்க மெல்ல ஏற்று. 3 டெசிபல் போதும்.

உறுமல் போக 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே மொத்தமாக வழித்திருக்கிறாய். அதுதான் பெரிய தப்பு. வெல்ஸ் ஒருவரே கதையில் வரும் டாக்டர் ஸெவார்ட், டிராகுலா பிரபு இரண்டு பேராகவும் பேசுகிறார். அடிக்குரலை வழித்தால் பிரபுவும் டாக்டர் மாதிரியே ஆகிவிடுவார்! அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் முனகலை மட்டும் குறுகலாக வெட்டு.

இரைச்சலை 6 டெசிபலுக்கு மேல் குறைக்காதே. மென்பொருளுக்குக் காட்டும் இரைச்சல் மாதிரியை நாடகம் தொடங்குமுன் வரும் வெற்றுப் பள்ளத்தில் எடு. வசனத்துக்கு நடுவே எடுத்தால் பின்னணிக் காற்றும் அதில் சேர்ந்துகொள்ளும். மென்பொருளுக்குக் காற்றும் இரைச்சலும் ஒன்றுதான், கப்பல் காட்சியையே துடைத்துவிடும். கோப்பு ஸ்டீரியோவாக இருந்தால் முதலில் இரண்டு சேனலையும் கூட்டி மோனோவாக்கு. பள்ளத்தின் மேல்கீழ் அதிர்வால் வரும் சத்தம் தானே அடிபடும். கூட்டியதும் கூர்மை குறைந்தால், ஒரு சேனல் மயிரிழை பிந்தி ஓடுகிறது, நேர்ப்படுத்திவிட்டுக் கூட்டு.

இப்படிப் பழைய தட்டு ஒன்றை வாங்கலாமா என்று கேட்டாயே, வாங்கலாம். ஆனால் பின்னால் வந்த எல்பி தட்டுகளுக்கான மெல்லிய ஊசியை வைக்காதே. பள்ளத்தின் அடியில் கிடந்து கரகரக்கும். 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி வேண்டும். மேலே பூத்திருக்கும் வெள்ளைப் பொடி பூஞ்சை இல்லை, லாக்கரில் சேர்த்த ஆமணக்கெண்ணெய் சிதைந்து கசிந்த அமிலம். ஆல்கஹால் தொட்டாயோ, லாக்கரும் கரைந்து போகும்.

நாவலே நாட்குறிப்பும் கடிதமுமாக இருப்பதால் ஒவ்வொரு குரலுக்கும் தனி முகம் உண்டு. நாவலில் வரும் மனநோயாளி ரென்ஃபீல்டையே நாடகத்தில் தூக்கிவிட்டார்கள், ஆனாலும் கதை நிற்கிறது. முதல் பக்கத்தை மட்டும் முடித்து அனுப்பு, கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
சேகர்